நியூயார்க் ‘பிக் ஆப்பிள்’ ஆனது எப்படி?

19ஆம் நூற்றாண்டில் ஈவ் என்ற பெண் நடத்திய விபச்சார விடுதியால்தான் நியூயார்க்குக்கு ‘பிக் ஆப்பிள்’ என்ற பெயர் வந்தது என்று ஒரு பதிவு சுற்றுகிறது. அது கட்டுக்கதை, 1990களில் இணையத்தில் கிளம்பியது.

பெயரைப் பரப்பியவர் குதிரைப் பந்தயச் செய்தியாளர் ஜான் ஃபிட்ஸ் ஜெரால்ட். நியூ ஆர்லியன்ஸ் லாயத்தில், குதிரைகளைச் சூடு தணிய நடத்திக்கொண்டிருந்த இரண்டு கறுப்பினத் தொழிலாளர்களின் பேச்சில் இந்தச் சொல்லைக் கேட்டதாக 1924இல் அவரே எழுதினார். அவர்களுக்கு ‘பிக் ஆப்பிள்’ என்றால் பெரிய பரிசுப் பணம் புரளும் நியூயார்க் பந்தயங்கள். அப்புறம் ஜாஸ் கலைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1970களில் சுற்றுலா விளம்பரம் ஊரெங்கும் கொண்டுபோனது. அந்த லாயத் தொழிலாளர்களின் பெயரைக்கூட யாரும் குறித்துவைக்கவில்லை. அவர்கள் தந்த சொல்லையாவது பொய்க்கதைக்குத் தாரைவார்க்க வேண்டாம்.