அடி வாங்குறவளுக்கு மட்டும் எதுக்குப் பொறுமை பத்தி பாடம்?

சர்ச்ல போய் புருஷன் அடிக்கிறான்னு சொன்னா "இது உன் சிலுவைம்மா, ஜெபம் பண்ணு"ங்கறாங்க. பௌத்த விகாரைக்குப் போனா "போன ஜென்மத்துக் கர்மா, பொறுத்துக்கோ"ங்கறாங்க. ரெண்டு மதத்தோட நூல்களையும் ரொம்ப நாளா படிச்சிட்டு வர்றேன், அதனால சொல்றேன், அந்தந்த மதமே இப்படிச் சொல்லி அனுப்பச் சொல்லல.

கத்தோலிக்கத்துல கல்யாணம் அருட்சாதனம், அதாவது கடவுளோட அருளத் தர்ற புனிதச் சடங்கு, கடவுள் இணைச்சத மனுஷன் பிரிக்கக் கூடாது, இது எல்லாருக்கும் தெரியும். ஆனா 1983ல வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்புல 1153னு ஒரு விதி இருக்கு, அது யாருக்கும் தெரியல. துணைக்கோ பிள்ளைங்களுக்கோ ஒருத்தர் உடம்பாலயோ மனசாலயோ பெரிய ஆபத்த உண்டாக்கினா, பிரிஞ்சு போறதுக்கு அது நியாயமான காரணம். சாதாரணமா ஆயரோட, அதாவது பிஷப்போட ஆணை வேணும், ஆனா தாமதிச்சா ஆபத்துன்னா தானே முடிவெடுத்துக் கெளம்பலாம். அதாவது நடுராத்திரில பிள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடி வர்றவ எந்தச் சாமியார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டியதில்ல. காரணம் நீங்கிட்டா மறுபடி சேரணும்னும் அதே விதி சொல்லுதுதான், அதப் பிடிச்சுக்கிட்டு "அவன்தான் சாரி சொல்லிட்டான்ல"னு திருப்பி அனுப்புறவங்க இருக்காங்க, ஒரு சாரியால ஆபத்து போயிடுமா?

இன்னொண்ணு. பிரிஞ்சு வந்துட்டா நற்கருணை (பூசைல குடுக்குற புனித அப்பம்) வாங்கக் கூடாதுன்னு நெனச்சு கடைசி பெஞ்சுல உக்காந்து அழுற பெண்கள நானே பாத்திருக்கேன். பிரிஞ்சு வந்ததுக்காகவோ கோர்ட்ல டைவர்ஸ் வாங்கினதுக்காகவோ நற்கருணைக்குத் தடை கெடையாது, மறுமணம் பண்ணிக்கிட்டா மட்டும்தான் அந்தக் கேள்வியே வரும். இத யாராவது அவங்க பக்கத்துல போய்ச் சொல்லுங்க. அமெரிக்க ஆயர்கள் பேரவை 1992லயே, அடி உதை இருக்குற கல்யாணத்துல இருந்துதான் ஆகணும்னு யாரையும் எதிர்பாக்க முடியாதுன்னு எழுதிட்டாங்க. திருத்தந்தை பிரான்சிஸ் 2016ல குடும்பத்தப் பத்தி எழுதின ஊக்கவுரைல, சில சமயம் பிரியுறது ஒழுக்க ரீதியாவே அவசியம்னு சொன்னாரு.

"மனைவிகளே பணிந்திருங்கள்"ங்கற பைபிளோட எபேசியர் நூல் வசனத்த எடுத்துட்டு வர்றவங்க அதுக்கு முந்தின வசனத்தயும் படிங்க, ஒருத்தருக்கு ஒருத்தர் பணிஞ்சிருங்கன்னு இருக்கு. கொஞ்சம் தள்ளி, தன் சொந்த உடம்ப யாரும் வெறுக்க மாட்டான், மனைவிய அப்படி நேசிக்கணும்னு புருஷனுக்குச் சொல்லியிருக்கு. புனித மோனிக்காவையும் விடுறதில்ல. அவங்க பொறுமையா இருந்து புருஷன மாத்தினாங்களாம். ஆனா அவங்க மகன் புனித அகுஸ்தினார் எழுதினதப் படிச்சா, அப்பா பயங்கரக் கோவக்காரரு, ஆனா அம்மாவ அடிச்சதா யாரும் கேள்விப்பட்டதே இல்லன்னு இருக்கு. மூஞ்சில அடிபட்ட தழும்போட வந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு மோனிக்கா சொன்ன அட்வைஸும் அதுல இருக்கு, கல்யாண ஒப்பந்தத்தால நீங்க அடிமையாயிட்டீங்க, அத மறக்காதீங்கன்னு. புனிதையே சொன்னாலும் அந்த அட்வைஸ என்னால ஏத்துக்க முடியாது.

பௌத்தத்துல கல்யாணம் அருட்சாதனம் இல்ல, உலக வாழ்க்கை ஒப்பந்தம்தான், அதனால விட்டுட்டு வர்றதுக்கு சமயச் சட்டம்னு எதுவும் குறுக்க நிக்காது. அங்க கால்ல விலங்கு மாட்டுறது கர்மாங்கற வார்த்தை. ஆனா சீவகன்ங்கற பரிவிராஜகன், அதாவது ஊர் ஊரா திரியுற துறவி, புத்தர்கிட்ட நேராவே கேக்குறான், அனுபவிக்கிற எல்லாமே முன்ன செஞ்ச வினைதானான்னு. அப்படிச் சொல்றது தப்புன்னு சொல்லிட்டு, நாம அனுபவிக்கிறதுக்கு எட்டு காரணம் இருக்குன்னு புத்தர் சொல்றாரு. பித்தம், கபம், வாதம், இது மூணும் சேர்ந்தது, பருவநிலை, கவனக்குறைவு, தாக்குதல், கடைசியாத்தான் வினைப்பயன். தாக்குதல்னு தனியாவே இருக்குங்க! அடிபட்டு வந்தவகிட்ட கர்மான்னு சொல்றவரு இத ஒரு தடவை படிச்சிருந்தா வாயத் தெறப்பாரா?

சிகாலோவாத சுத்தத்துல (சுத்தம்னா புத்தரோட உபதேச நூல்) புருஷனோட அஞ்சு கடமைல மொதல் ரெண்டு, மனைவிக்கு மரியாதை குடுக்கணும், இழிவா நடத்தக் கூடாதுங்கறதுதான். பேச்சுல இழிவுபடுத்துறதே கூடாதுன்னா கை நீட்டலாமா? தம்மபதமும் எல்லா உயிரும் அடிக்கு நடுங்குது, தன்னப்போல நெனச்சு அடிக்காதே, அடிக்கவும் வைக்காதேங்குது. அதே சமயம் சுஜாதாங்கற மருமகளுக்குப் புத்தர் சொன்ன சுத்தம் எனக்கு நெருடுது, அடிப்பேன்னு மெரட்டினாலும் கோவப்படாத வேலைக்காரி மாதிரி மனைவிய அது நல்ல வகைல சேக்குது. அத மூடி மறைக்க வேண்டாம். பிக்குணிகள் பாடின பாட்டுத் தொகுப்பான தேரிகாதைல உரல், உலக்கை, கூனல் புருஷன் மூணுலேர்ந்தும் விடுதலையானேன்னு பாடுற முத்தாவையும் சேத்தே படிங்க.

பங்குத்தந்தைகளோ பிக்குகளோ யாராவது இதப் படிச்சா, ஒரு பெண் வந்து சொன்னா உடனே புருஷனையும் வரச் சொல்லி ரெண்டு பேரையும் எதிரெதிர்ல உக்கார வச்சு சமாதானம் பேசாதீங்க. அங்க அவ சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் வீட்டுக்குப் போய் அடி வாங்குவா. தனியா பேசுங்க. இன்னைக்கு ராத்திரி தங்க இடம் இருக்கா, பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு மொதல்ல கேளுங்க, போலீஸுக்கோ டாக்டர்கிட்டயோ போகணும்னா துணைக்கு ஒரு ஆள அனுப்புங்க. ஜெபமும் தியானமும் அவ பத்திரமா ஒரு எடத்துக்குப் போய்ச் சேந்தப்புறம் பாத்துக்கலாம்.