ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்தது நான்தான், தெரிந்தேதான்

இங்கே பர்மாவில் பீலிக்கான் கோயில் தீமிதியை நான் கேம்கார்டரில் எடுத்துப் போட்ட வீடியோவுக்குக் கீழே நடந்த கூத்தை முழுக்கத் திரும்பச் சொல்லவில்லை, பார்த்திருப்பீர்கள். "அண்ணே, மங்கலா இருக்கு, நான் சரி பண்ணிட்டேன்" என்று ஒரு தம்பி போனில் ஷார்ப் ஏற்றி, ஆரஞ்சுக் கலர் பூசி, 'சினிமா லுக்' என்று போட்டார். அதற்கு ஏகப்பட்ட லைக். நல்லா இருங்க.

மங்கல் இல்லை தம்பி. கேமராவிலேயே டீட்டெயிலை, மெனுவில் ஷார்ப்னெஸ்ஸுக்கு அதுதான் பெயர், குறைத்து எடுத்தது. கேம்கார்டர் தானாகவே ஒவ்வொரு ஓரத்துக்கும் கோடு போட்டுக் கூர்மையாகக் காட்டும். பிலிமில் அந்தக் கோடு கிடையாது. அதை ஏற்றிவிட்டுச் சினிமாவாம்! சினி காமா, அதாவது அதிக வெளிச்சத்தைப் பிலிம் போல அடக்கிக் காட்டும் செட்டிங், போட்டதால்தான் குழியில் தணல் சிவப்பாக நிற்கிறது. வெள்ளைத் திட்டாக வெந்துபோனதை எந்த ஃபில்டரும் மீட்காது. எடுக்கும்போதே செய்ய வேண்டிய வேலை. எடுக்கும்போதே.

"24 பிரேம் போட்டா போதுமே" என்றார் இன்னொருவர். விநாடிக்கு 24 படம், சினிமாக் கணக்கு. 24 போட்டு ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/500 விநாடியில் விட்டால் ஆட்கள் வெட்டி வெட்டித்தான் நடப்பார்கள். 1/48 வேண்டும், இல்லாவிட்டால் 1/50. நம் ஊரில் அதிலும் வில்லங்கம். இங்கே வந்தது என்டிஎஸ்சி கேமரா, அமெரிக்க டிவி முறை, விநாடிக்கு 60-ல் ஓடும். கரண்டோ 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் கரண்டோடு சேர்ந்து துடிக்கும், ஷட்டர் அதற்கு ஒத்துப்போகாவிட்டால் அந்தத் துடிப்பு படத்தில் தெரியும். 2006-ல் ரங்கூனில் ஒரு கல்யாணம், ஷட்டர் 1/60. தாலி கட்டுவதிலிருந்து பந்தி வரைக்கும் டியூப்லைட் துடிதுடிக்கிறது. மாப்பிள்ளையின் அம்மா கேசட்டைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, மண்டபத்துல பேய் புகுந்துருச்சா?" என்றார். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து டியூப்லைட் என்றால் 24 பிரேமுக்கு 1/50, 60-ல் ஓடினால் 1/100. இதை எந்த ஆப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அந்தம்மாதான் சொல்லித் தந்தார்.

படம் கொஞ்சம் இருட்டு என்றீர்கள். சரி, இருட்டுதான்.

"பெரியவர் போன் காலத்துக்கு வரமாட்டேங்கிறார்" என்பதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். போனில் எடுக்காதே என்று எப்போது சொன்னேன்? என் மகள் போனில்தான் எடுக்கிறாள், நன்றாகவே எடுக்கிறாள். வெயிலில் நாலு மணி நேரம் நின்று எடுத்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். மெனு செட்டிங் முழுக்க ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன், காசு வாங்கியதில்லை.

இன்னொன்று. தம்பி சரி பண்ணிய வீடியோவில் வலது மூலையில் இருந்த என் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது. அதுவும் மங்கலாகத் தெரிந்ததோ?