பிராங்க்ளின் கல்லா? முதலில் விளக்கு, பிறகு கல்

பிராங்க்ளின் கல் என்பது அமெரிக்காவின் பழைய துத்தநாகச் சுரங்கங்களில் கிடைத்த, புற ஊதா விளக்கில் ஒளிரும் கல். அது பச்சையும் சிவப்புமாகத் தகதகக்கும் படத்தைப் பார்த்ததும் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். கல் வந்து சேர்கிறது. கையில் இருப்பதோ நோட்டு சரிபார்க்கும் ஊதா டார்ச். அடித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கல் போலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கல் போலி இல்லை, விளக்குதான் தவறு. பிராங்க்ளின் கல் சேர்க்க நினைப்பவர் முதல் காசைச் செலவழிக்க வேண்டியது விளக்குக்கு. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது.

இடத்தை முதலில் சரியாகப் பிரித்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் சசெக்ஸ் கவுண்டி, நம் மாவட்டம் போன்றது. அங்கே பிராங்க்ளின் ஊரில் ஒரு சுரங்கம். சில கிலோமீட்டர் தள்ளி ஆக்டன்ஸ்பர்க் ஊரில் ஸ்டெர்லிங் ஹில் சுரங்கம். இரண்டையும் நடத்தியது நியூ ஜெர்சி சிங்க் கம்பெனி. பிராங்க்ளின் 1954-இல் தாது தீர்ந்து மூடப்பட்டது. ஸ்டெர்லிங் ஹில் 1986-இல் நின்றது. பம்புகளை நிறுத்தியதும் கீழ்மட்டங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. 1989-இல் ஹாக் சகோதரர்கள் அதை வாங்கி, அடுத்த ஆண்டு அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இரண்டு இடங்களிலுமாக 350-க்கும் மேற்பட்ட கனிமங்கள் பதிவாகியிருக்கின்றன. சில, உலகில் வேறு எங்கும் கிடைக்காதவை. நிலத்தடியிலிருந்து புதிதாக இனி எதுவும் மேலே வராது. இருப்பதுதான் கைமாறிக்கொண்டிருக்கிறது.

மற்ற துத்தநாகச் சுரங்கங்களில் தாது என்றால் பெரும்பாலும் கந்தகம் கலந்த ஸ்பேலரைட். இங்கே கந்தகத்துக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். துத்தநாகம் ஆக்சிஜனோடும் சிலிக்காவோடும் சேர்ந்து மூன்று தாதுக்களாக இருக்கிறது: கருப்பு பிராங்க்ளினைட், சிவப்பு சிங்கைட், வெளிர்பச்சையிலிருந்து பழுப்பு வரை பல நிறங்களில் வரும் வில்லமைட். மூன்றும் வெள்ளைக் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்துக்குள் மணி மணியாகப் பதிந்திருக்கும்.

அந்த ஒளிக்குக் காரணம் மாங்கனீசு. வில்லமைட்டில் துத்தநாகத்தின் இடத்தில் கொஞ்சம் மாங்கனீசு உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன், அதனால் பச்சை. கால்சைட்டில் கால்சியத்தின் இடத்தில் அதே மாங்கனீசு, சுற்றிலும் ஆறு ஆக்சிஜன். அதனால் ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஒரே தனிமம், அக்கம்பக்கம் மாறியதும் நிறமே மாறிவிடுகிறது. இந்த மண்ணின் அழகே இதுதான் என்று நான் நினைக்கிறேன். கால்சைட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. மாங்கனீசு தானாகப் புற ஊதாவை நன்றாக உறிஞ்சாது. துளியளவு ஈயம் கூட இருந்து, ஆற்றலை வாங்கி மாங்கனீசுக்குக் கைமாற்ற வேண்டும். இரும்பு மிகுந்தால் ஒளி அவிந்துவிடும். ஒரே குவியலில் இருந்து எடுத்த இரண்டு கால்சைட் துண்டுகளில் ஒன்று எரிந்து மற்றொன்று மங்கிக் கிடப்பது இதனால்தான்.

இப்போது விளக்கு. வேண்டியது குறுகிய அலைப் புற ஊதா, அதாவது 254 நானோமீட்டர் அலைநீளம். நோட்டு டார்ச் 395, நல்ல நீண்ட அலை டார்ச் 365. இவற்றில் வில்லமைட் சில சமயம் லேசாகப் பச்சை காட்டும், கால்சைட் அநேகமாகத் தூங்கும். 254 தருவது தாழ்அழுத்தப் பாதரசக் குழல். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தில் இருக்கும் யுவி குழலும் இதே அலைதான். அதை எடுத்து மாட்டிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அந்தக் குழல் நீல வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டும். கல்லின் நிறம் அதில் கரைந்துபோகும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுத்து, புற ஊதாவை மட்டும் விடும் கருப்பு வடிகட்டிக் கண்ணாடி முன்னால் இருந்தாக வேண்டும். விளக்கின் விலையில் பெரும்பங்கு அந்தக் கண்ணாடிக்குத்தான் போகிறது. அதுவும் பழசாக ஆக, புற ஊதாவைக் குறைவாகவே விடும். பழைய விளக்கு வாங்கினால் குழலை மட்டும் மாற்றிவிட்டு, ஏன் இன்னும் மங்கலாக இருக்கிறது என்று யோசிப்பதில் பயன் இல்லை, வடிகட்டியைப் பாருங்கள்.

விற்பவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று போதும். விளக்குக்கும் வில்லமைட்டுக்கும் நடுவே பிடியுங்கள். சாதாரணக் கண்ணாடி 254-ஐ நிறுத்திவிடும், 365-ஐ விட்டுவிடும். பச்சை சட்டென்று செத்தால் குறுகிய அலை. அப்படியே இருந்தால் உங்களிடம் விற்றது நீண்ட அலை.

கண் விஷயத்தில் விளையாட்டே கூடாது. வெல்டிங் பட்டறையில் கவசம் இல்லாமல் நின்றவருக்கு இரவில் மணல் கொட்டியதுபோல் கண் எரியுமே, அதே பாதிப்பு இதிலும் வரும், அதுவும் சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பக்கவாட்டிலும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள். வெறும் கையை வெளிச்சத்தில் நீட்டாதீர்கள். குழந்தைகளுக்குக் காட்டும்போது விளக்கு கல்லை நோக்கிக் கீழே இருக்கட்டும்.

வாங்குமுன் கல்லைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும் கேளுங்கள். ஒளிரும் படத்தை மட்டும் காட்டுபவரிடம் நான் வாங்கச் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் நிறத்தை ஏற்றிவிடுவது மிகச் சுலபம். பச்சை, சிவப்பு இரண்டும் இருந்தாலே பிராங்க்ளின் ஆகிவிடாது. அரிசோனாவிலும் வில்லமைட்டும் கால்சைட்டும் சேர்ந்து கிடைக்கின்றன. கருப்பு பிராங்க்ளினைட் மணிகள் கூட இருக்கின்றனவா என்று பாருங்கள். நூலில் கட்டித் தொங்கவிட்ட நியோடிமியம் காந்தம் அதன் பக்கம் மெல்லச் சாயும். அதேபோல் கருப்பாக இருக்கும் இரும்புத் தாதுவான மேக்னடைட் என்றால் பாய்ந்து ஒட்டும். மெருகில்லாத டைல்ஸ் பின்புறத்தில் தேய்த்தால் பிராங்க்ளினைட் செம்பழுப்பு கலந்த கோடு போடும், மேக்னடைட் கோடு கருப்பு. சிங்கைட் கோடு ஆரஞ்சு மஞ்சள்.

சிங்கைட் பற்றி ஒரு எச்சரிக்கை. கண்ணாடி போலத் தெளிந்த, விரல் நீளத்தில் ஆரஞ்சு, பச்சை, தேன் நிறங்களில் வரும் சிங்கைட் படிகங்கள் போலந்தின் துத்தநாக உலைகளில் புகை படிந்து உருவானவை. அழகானவைதான், ஆனால் சுரங்கக் கல் அல்ல. பிராங்க்ளின் சிங்கைட் பெரும்பாலும் கால்சைட்டுக்குள் ரத்தச் சிவப்புத் திட்டாகவோ மணியாகவோதான் இருக்கும்.

அரிய வகைகளுக்குப் போனால், எலுமிச்சை மஞ்சளாக எரியும் எஸ்பெரைட், நீல ஊதா ஹார்டிஸ்டனைட், ஆரஞ்சு கிளைனோஹெட்ரைட். மூன்றும் ஒரே கல்லில் வந்தால் விலை எகிறும். பகலில் எஸ்பெரைட் அழுக்கு வெள்ளையாக, யாரும் குனிந்து எடுக்காத நிறத்தில் இருக்கும். இது பிராங்க்ளினுக்கு உரியது. "ஸ்டெர்லிங் ஹில் எஸ்பெரைட்" என்று சீட்டு இருந்தால், சீட்டோ கல்லோ ஒன்று தவறு. இதில் ஈயம் உண்டு. உடைத்தால், தேய்த்தால் ஈரத்தோடு செய்யுங்கள், முடிந்ததும் கை கழுவுங்கள்.

சுத்தம் செய்கிறேன் என்று கல்லைக் கெடுப்பவர்களைப் பார்த்தால்தான் மனம் வலிக்கிறது. கழிப்பறை ஆசிட்டில் போடாதீர்கள். கால்சைட் பொங்கிக் கரையும், சிங்கைட்டும் கரையும், வில்லமைட்டின் மேற்பரப்பு கூழ் தட்டிவிடும். வினிகர்கூட சிங்கைட்டைத் தின்னும். தண்ணீர், பழைய பல்துலக்கி, பொறுமை, இவ்வளவுதான். துணி சோப்புத்தூள் கூடாது. வெள்ளைத் துணியைப் பளிச்சிடச் செய்யும் சாயம் அதில் இருக்கிறது, கல்லின் இடுக்கில் தங்கி நீலமாக ஒளிரும். அதைப் பார்த்துவிட்டு ஏதோ புதுக் கனிமம் கண்டதாகத் துள்ளிக் குதிப்பவர்கள் உண்டு. பஞ்சு நூல், காகிதத் துணுக்கும் அப்படித்தான். ஆனால் கல் மேல் பூசினாற்போல் படர்ந்து நீல வெள்ளையாக ஒளிர்வது ஹைட்ரோசிங்கைட் என்ற துத்தநாகக் கனிமமாக இருக்கலாம்; தேய்த்து எடுத்துவிடாதீர்கள்.

நேரில் போக முடிந்தவர்களுக்கு, பிராங்க்ளின் கனிம அருங்காட்சியகத்தின் பக்வீட் என்ற சுரங்கக் கழிவுக்கல் குவியலும் ஸ்டெர்லிங் ஹில் குவியலும் கட்டணத்துக்குத் திறக்கும் நாட்கள் உண்டு. எடுத்துப் போக வேண்டியவை சுத்தியல், உளி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. அதோடு கெட்டியான கருப்புத் துணி ஒன்று. தலையோடு மூடிக்கொண்டு விளக்கடித்தால்தான் பகலில் ஏதாவது தெரியும். மண் ஒட்டிய கல் ஒளிராது, எனவே ஒரு பாட்டில் தண்ணீரும் தூரிகையும்.

கடைசியாகச் சீட்டு. புரூக்லின் பாலத்தைக் கட்டி முடித்த பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் பெரிய கனிமச் சேகரிப்பாளர். பிராங்க்ளினில் கிடைத்த ரோப்ளிங்கைட் அவர் பெயரில்தான் 1897-இல் விவரிக்கப்பட்டது. அவர் 1926-இல் மறைந்தபின் சேகரிப்பு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அவ்வளவு பெரியது நம்மிடம் இருக்காது. ஆனாலும் நம் கல்லும் நமக்குப் பின் இன்னொருவர் கைக்குத்தான் போகும். சுரங்கத்தின் பெயர், ஊர், கவுண்டி, மாநிலம், யாரிடம் எப்போது வாங்கியது, எந்த அலையில் என்ன நிறம் என்று எழுதி வையுங்கள். பழைய சீட்டு கிழிந்திருந்தாலும், அதில் பெயர் தப்பாக இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்; திருத்தத்தைத் தனிச் சீட்டில் எழுதிச் சேர்த்து வையுங்கள். சீட்டு பிரிந்துபோகும் என்பதால் கல்லின் பின்பக்கத்தில் அரிசியளவு வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் வைத்து, காய்ந்ததும் மெல்லிய பேனாவால் எண் எழுதுங்கள். அந்தப் பெயிண்டை முதலில் ஒரு ஓட்டில் தடவி விளக்கடித்துப் பாருங்கள். சில வெள்ளைப் பெயிண்டுகள் தாமே ஒளிரும்.