கேள்வி கேட்டால்தான் வண்டி கிளம்பும்

அப்பாவுக்காக ஆம்புலன்ஸ் கேட்டு அவசர எண்ணுக்குக் கூப்பிட்ட ஒரு மகனும், அழைப்பை எடுத்த பெண்ணும் பேசிய அந்த ஆடியோ சில நாளாக என் போனுக்கு வந்துகொண்டே இருக்கிறது. குடும்ப குரூப், பள்ளித் தோழிகள் குரூப், நேற்று எங்கள் தெருவின் தண்ணீர் லாரி குரூப்பிலும் வந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். "அப்பா பேச்சு மூச்சில்லாம கெடக்குறாரு, இவ எந்தத் தாலுகான்னு கேட்டுக்கிட்டு இருக்கா" என்று அந்த மகன் கத்துகிற இடத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே வந்த கமெண்ட்டுகளையும் உட்கார்ந்து படித்தேன். அவற்றில் பாதியை இங்கே எழுத முடியாது.

முதலில் ஒன்று. அந்த மகன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அப்பா தரையில் கிடக்கும்போது யாரும் மரியாதை பார்த்துப் பேசமாட்டார்கள். காது கூசுகிற வார்த்தையைக் கேட்டுவிட்டு, "சரிங்க சார், மூச்சு வருதான்னு பாருங்க" என்று அடுத்த வாக்கியத்துக்குப் போக, அழைப்பை எடுக்கிற எங்களுக்குப் பழக்கம் உண்டு. என் கோபம், அதை வெட்டி, சோக இசை சேர்த்து, "இவங்களுக்குத்தான் நம்ம வரிப்பணம்" என்று தலைப்பு வைத்துப் பரப்பியவர்கள் மேல். அவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள்.

நான் எந்த எண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். வேலை விதிப்படி அதை எழுதக்கூடாது. அவசர அழைப்புகளையும் எடுத்திருக்கிறேன், அவசரமில்லாத மருத்துவ ஆலோசனை அழைப்புகளையும் எடுத்திருக்கிறேன். இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதும் என் பொறுப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன். கேள்வி கேட்பதால் வண்டி நிற்பதில்லை. கேள்வி கேட்டால்தான் வண்டி கிளம்பும்.

"எந்தத் தாலுகா" என்பது வெட்டிக் கேள்வி என்று நினைக்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள். "திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, சீக்கிரம் வாங்க" என்று ஒருவர் சொல்கிறார். எந்தத் திருப்பத்தூர்? வேலூரிலிருந்து பிரிந்து 2019இல் தனி மாவட்டமான திருப்பத்தூரா, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரா? ஆலங்குடி என்றால் புதுக்கோட்டைப் பக்கமா, குரு கோயில் இருக்கிற ஆலங்குடியா? மேட்டுப்பாளையம் என்றால் உங்களுக்கு ஊட்டி ரயில் நினைவுக்கு வரும், புதுச்சேரிக்காரருக்கு வேறு மேட்டுப்பாளையம் இருக்கிறது. புதூர், காந்தி நகர், காலனி, மாரியம்மன் கோயில் தெரு இல்லாத மாவட்டம் தமிழ்நாட்டில் உண்டா? மாநிலம் முழுக்க வருகிற அழைப்புகள் ஒரே இடத்துக்கு வரும்போது, எடுப்பவளுக்கு உங்கள் ஊர் டீக்கடை தெரியாது. உங்களுக்கு அந்த ஊர்தான் உலகம், சரி. எங்கள் திரையில் அதே பெயரில் வரிசையாக ஊர்கள் வந்து நிற்கின்றன. தப்பான ஊரைத் தொட்டால் தப்பான ஊரின் வண்டிதான் கிளம்பும்.

நாற்கரச் சாலை விபத்தென்றால் இன்னொரு கேள்வி. சென்னையிலிருந்து போகிற பக்கமா, சென்னைக்கு வருகிற பக்கமா? "ரோட்லதான்மா, என்ன கேள்வி இது" என்பார்கள். நடுவில் தடுப்பு இருக்கிறது. பக்கம் மாறி வந்த வண்டி, அடிபட்டவர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றாலும், திரும்புகிற இடைவெளி வரைக்கும் ஓடிப்போய்த்தான் திரும்பி வர வேண்டும். அங்கே நிற்கிற கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணை ஒருவர் படித்துச் சொன்னால் போதும், எங்களுக்கு உயிர் வரும்.

"சாப்பாடு கொண்டுவருகிற பையனே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறான், உங்களிடம் ஜிபிஎஸ் இல்லையா?" இதைக் கேட்டவர்கள்தான் அதிகம். அந்த ஆப்பில் நீங்களே லொகேஷனை ஆன் செய்து, முகவரியைச் சேமித்து, வாசலில் இருக்கும் வேப்பமரத்தைக்கூட எழுதி வைத்திருக்கிறீர்கள். சாதாரண அழைப்பில் அப்படி வராது. டவரை வைத்து இடத்தைக் கணித்தால், டவர்கள் தள்ளித் தள்ளி இருக்கிற கிராமப்புறத்தில் அது பல கிலோமீட்டர் பரப்பாக விரியும். பட்டன் போனில் கூப்பிடுகிற பாட்டிக்கு எந்த ஆப்? அதைவிட முக்கியம், கூப்பிடுகிறவர் பெரும்பாலும் நோயாளி பக்கத்திலேயே இருப்பதில்லை. அம்மா தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் விழுந்து கிடப்பார், மகள் தாம்பரத்திலிருந்து கூப்பிடுவாள். போனின் இடத்துக்கு வண்டி அனுப்பினால் தாம்பரத்துக்குத்தான் போகும். அதனால் கேட்கிறோம்.

பெயர் கேட்பதற்கும் ஒரு கோபம். போலீஸ் கேஸில் இழுத்துவிடுவோம் என்று பயந்து போனை வைத்துவிடுகிறார்கள். விபத்தில் உதவுகிறவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இலேயே சொல்லிவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 134ஏ என்று தனிப் பிரிவே சேர்த்தார்கள். விருப்பமில்லை என்றால் பெயரைச் சொல்ல வேண்டாம். இடத்தையாவது சொல்லிவிட்டு வையுங்கள்.

இடம் உறுதியானதும் வண்டி ஒதுக்கப்பட்டுவிடும். அதற்குப் பிறகு நாங்கள் கேட்பதெல்லாம் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்பவை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் ஏறவில்லை என்பதால் மறுபடியும் சொல்கிறேன். அந்தக் கேள்விகள் வண்டியைத் தாமதப்படுத்துவதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். விடியற்காலை அழைப்பு, டெல்டா பக்கத்துக் கிராமம். "பையனுக்கு வயித்து வலிங்க, ராத்திரி புரோட்டா சாப்பிட்டான்." கேட்டால் அஜீரணம். ஆனால் பையன் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறான், தூக்கம் போல இருக்கிறது என்று அந்த அம்மா போகிற போக்கில் சொன்னார். "ராத்திரி எங்கம்மா படுத்திருந்தான்? கட்டிலா, தரையா?" என்று கேட்டேன். அவருக்கு வந்த கோபத்தை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. "புள்ளை துடிக்கிறான், எங்க படுத்தான்னு கேக்குறியே, நீயெல்லாம் புள்ளை பெத்தவளா?"

தரையில்தான் படுத்திருந்தான். கட்டுவிரியன் ராத்திரியில் வீட்டுக்குள் வந்து, தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல் பட்ட இடம்கூடப் பல நேரம் தெரியாது. விடியும்போது வயிற்று வலி வரும், அப்புறம் கண் இமை தொங்கும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். வண்டியில் இருக்கிற டெக்னீஷியனுக்குப் பாம்புக்கடியாக இருக்கலாம் என்று சொன்னோம். கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், அசையாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்று அம்மாவிடம் சொன்னோம். விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் இருக்கிற மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோனார்கள். பையன் பிழைத்துவிட்டான் என்று வண்டி ஊழியர்கள் வழியாகத்தான் தெரிந்தது. அந்த அம்மா திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டிருந்தால் நானும் உங்கள் குரூப்பில் வந்திருப்பேன் இல்லையா?

பிரசவ வலி என்றால் எத்தனாவது பிரசவம் என்று கேட்கிறோம். இரண்டாவது, மூன்றாவது குழந்தை பெரும்பாலும் சீக்கிரம் வந்துவிடும். குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டது என்றால், வாந்தி எடுக்க வைத்தீர்களா என்று முதலில் கேட்கிறோம். வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் போய் இன்னும் ஆபத்து. ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்த நிமிடத்தில் உங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

"கொஞ்சம் கனிவாகப் பேசினால் என்ன, மிஷின் மாதிரி பேசுகிறாள்" என்று ஒரு தோழி எழுதியிருந்தாள். நானும் உங்களோடு சேர்ந்து பதறினால் உங்கள் கை இன்னும் நடுங்கும். அந்தக் குரல் அப்படி இருக்க வேண்டும் என்று பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறோம். வண்டி ஊழியர்கள் அதே கேள்வியை மறுபடி கேட்கிறார்கள் என்று இன்னொருவர். நிலைமை நிமிடத்துக்கு நிமிடம் மாறும், கேட்கத்தான் வேண்டும். அதில் மேலே பேச ஒன்றுமில்லை.

இப்போது அந்த ஆடியோவில் இல்லாத பகுதி. கூப்பிட்டவர் வீட்டு விவரம் எதையும் சொல்லமாட்டேன், அந்தப் பெண் என்ன செய்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன். பக்கத்து சீட்டில் நான் இருந்தேன். தாலுகாவைச் சொன்ன உடனே வண்டி கிளம்பியது. "குறட்டை மாதிரி சத்தம் வருது, மூச்சு இருக்கு" என்றார் மகன். அது மூச்சு இல்லை. இதயம் நின்ற பிறகும் சிறிது நேரம் அப்படி ஒரு இழுப்பு வரும், மூச்சு என்று நம்பித்தான் பலர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். அவள் நம்பவில்லை. போனை ஸ்பீக்கரில் போட வைத்து, கெட்டியான தரையில் மல்லாத்திப் படுக்க வைக்கச் சொல்லி, நெஞ்சுக்கு நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தச் சொன்னாள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செ.மீ. ஆழம். வண்டி வாசலுக்கு வரும் வரைக்கும் அவரோடு சேர்ந்து எண்ணிக்கொண்டே இருந்தாள். நடுவில் அவர் அழுதார், திட்டினார். இவள் எண்ணிக்கையை விடவில்லை. அப்பாவைக் காப்பாற்ற முடியவில்லை. அது அவள் கேட்ட கேள்வியால் இல்லை.

1935இல் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் தீயணைப்புப் படைக்குப் போன் செய்தபோது எக்ஸ்சேஞ்சில் காக்க வைத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தில் எழுந்த பேச்சுதான் 1937இல் 999 என்ற அவசர எண்ணாக வந்தது. அவசரக்காரர் வரிசையில் நிற்கக்கூடாது என்பதற்காக. இங்கே அதே வரிசையை நாமே உண்டாக்குகிறோம். போன் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூப்பிடுகிறவர்கள், குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள், பெண் குரல் கேட்டால் அசிங்கமாகப் பேசிவிட்டு வைக்கிறவர்கள். ராத்திரி ஷிப்டில் அந்தக் கடைசி வகையைக் கேட்டுவிட்டு, அடுத்த நொடியே ஒரு தூக்குக் கயிற்று அழைப்பை எடுக்க வேண்டும். இதைப் பற்றி யாராவது இசை போட்டு ஆடியோ விட்டிருக்கிறீர்களா?

"சம்பளம் வாங்கிக்கொண்டுதானே செய்கிறீர்கள்?" ஆமாம், வாங்குகிறேன். மருத்துவரும்தான் வாங்குகிறார். அவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. போன மாதம் ஒரு காதுகுத்து விசேஷத்தில் எங்கள் பெரியப்பா, "இவ கால் சென்டர்ல இருக்கா, போன் எடுக்கிற வேலை" என்று என்னை அறிமுகப்படுத்தினார். நான் திருத்தவில்லை, பெரியவர். அமெரிக்காவிலும் இதே கதைதான். அவசர எண்ணான 911 அழைப்புகளை எடுப்பவர்களை அங்கே அரசின் தொழில் பட்டியலில் அலுவலக உதவிப் பணியாளர்களோடு வைத்திருக்கிறார்கள். காவலரும் தீயணைப்பாளரும் பாதுகாப்புப் பணிப் பிரிவில். மாற்றுங்கள் என்று எவ்வளவோ கேட்டும் 2018 பட்டியலில் மாற்றவில்லை. உயிர் போகிற நிமிடத்தில் முதலில் பேசியவள் எல்லா ஊரிலும் எழுத்தர்தான் போலிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. உங்களில் யாரோ குரலை வைத்து அவளைக் கண்டுபிடித்து, ஊர்ப் பெயரையும் கமெண்ட்டில் போட்டுவிட்டீர்கள். அவள் அப்பா அதைப் படித்துவிட்டு, வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்கிறார். அவள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. அவள் ஊர்ப் பெயர் இருக்கிற கமெண்ட்டுகள் இரண்டு பக்கங்களில் இன்னும் அப்படியே இருக்கின்றன. அந்தப் பக்கங்களை நடத்துகிறவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்குள் நீக்கிவிடுங்கள்.