அன்னாசித் தோல் பானம்: காலண்டரை மூடி வையுங்கள்

அன்னாசித் தோலைப் புளிக்கவைத்துச் செய்யும் தெபாச்சே (மெக்ஸிகோக்காரர்களின் பானம்) பற்றிய குறிப்புகளில் ‘மூன்று நாள் வையுங்கள்’ என்ற வரி தவறாமல் இருக்கும். எந்த வெப்பத்தில் மூன்று நாள் என்று மட்டும் இருக்காது. 30 டிகிரியில் இரண்டாம் நாளே பதம் வந்துவிடும், 20 டிகிரியில் ஐந்து நாள்கூட இழுக்கும். நாளை எண்ணிச் செய்தால் ஒன்று சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும், இல்லையேல் பாதி வினிகர்.

நன்கு பழுத்த ஒரு பழத்தின் தோலும் நடுத்தண்டும், 2 லிட்டர் தண்ணீர், 200 கிராம் நாட்டுச்சர்க்கரை, விரல் நீளப் பட்டை ஒன்று, கிராம்பு இரண்டு. கிராம்பை அள்ளிப் போடாதீர்கள், அது ஈஸ்ட்டை அடக்கும். நொதிக்கவைக்கும் ஈஸ்ட் தோலிலேயே இருக்கிறது. அதனால் வெட்டுமுன் பழத்தைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போதும். சோப்பும் வெந்நீரும் வேண்டாம். குளோரின் வாடை அடிக்கும் தண்ணீரென்றால் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள்.

மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி, வாயில் துணி. அலுமினியம், செம்புப் பாத்திரங்களை அமிலம் அரிக்கும். தோல் மிதந்தால் காற்றுப் படும் இடத்தில் பூஞ்சை பிடிக்கும். ஒரு சின்னத் தட்டை மேலே வைத்து அமுக்குங்கள், தினம் இருமுறை சுத்தமான கரண்டியால் கிளறுங்கள்.

வெள்ளை நுரை வருவது நல்ல அறிகுறி. சுருக்கம் விழுந்த மெல்லிய வெள்ளை ஏடு ஆபத்தில்லை, ஆனால் ருசியைக் கெடுக்கும், வழித்து எடுத்துவிடுங்கள். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் பஞ்சுபோல் எதுவும் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள். மேலாக எடுத்துவிட்டுக் குடிக்கிற வேலை வேண்டாம்.

நுரை கண்ட நாளிலிருந்து தினமும் ஒரு வாய் ருசி பாருங்கள். இனிப்பு முன்னால் நின்று, புளிப்பு பின்னால் எட்டிப் பார்க்கும் நேரம்தான் வடிகட்ட வேண்டிய நேரம். அதற்குப் பிறகும் திறந்தே விட்டால் காற்றை விரும்பும் வினிகர் பாக்டீரியா கையில் எடுத்துக்கொள்ளும்.

சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா என்று கேட்பார்கள். நுரைக்கும், ஆனால் சீக்கிரமே இனிப்பு தீர்ந்து வெறும் புளிப்புத்தான் மிஞ்சும். அதற்காக, முழு அளவு போட்டால் அத்தனையும் ஈஸ்ட் தின்றுவிடும் என்றும் நினைக்காதீர்கள். பதமாக எடுத்த பானத்தில் நிறையவே மிச்சமிருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது ‘ஆரோக்கிய பானம்’ அல்ல. ஆல்கஹாலும் கொஞ்சம் இருக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்காதீர்கள்.

உண்மையான ஆபத்து ஜாடியில் இல்லை, வடிகட்டியதை வாயு ஏறுவதற்காக மூடி வைக்கும் பாட்டிலில். ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய கால் லிட்டர் வாயு. லிட்டருக்கு 16 கிராம் நொதித்தாலே கடைச் சோடா அளவுக்கு அழுத்தம் ஏறிவிடும். மூடிய பாட்டிலுக்குள் அதைப்போல் சில மடங்கு சர்க்கரை காத்திருக்கிறது. சாதாரண கண்ணாடி பாட்டிலை இறுக மூடி அலமாரியில் வைப்பது வெடியை வைப்பதற்குச் சமம். அழகான கண்ணாடி பாட்டில் படத்தோடு செய்முறை போடுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுதினால் நல்லது.

காலியான சோடா பிளாஸ்டிக் பாட்டிலே சிறந்தது. மேலே நான்கு விரல் இடம் விட்டு ஊற்றி, வெளியே வையுங்கள். 12 மணி நேரத்திலிருந்து அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள். கல்போல் இறுகியதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். குளிர் நொதித்தலை மெதுவாக்கும், நிறுத்தாது. ஆகவே ஒரு வாரத்துக்குள் குடித்துவிடுங்கள். மூடியை வாஷ்பேசின் மேல் வைத்து மெல்லத் திருகுங்கள்.

ஆப்பிள் தோலும் நடுப்பகுதியும் இதே அளவில் சரிவரும். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல்கள் கசக்கும், அவற்றின் எண்ணெய் ஈஸ்ட்டுக்கும் ஒத்துக்கொள்ளாது.

கவனிக்காமல் விட்டுப் புளித்துப்போனதைக் கொட்ட வேண்டாம். தோலை வடித்துவிட்டுத் துணி மூடியோடு இன்னும் மூன்று நான்கு வாரம் விடுங்கள். சாலடுக்கு வினிகர் ஆகிவிடும்.