எஞ்சின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவது முதலிலா, கடைசியிலா?

பழைய புல்லட் மோட்டார் சைக்கிளை மீட்டெடுப்பவர்கள் எஞ்சினை முதலில் புதுப்பித்து மூடி வைத்துவிடலாம், சட்டகமும் பெயின்ட்டும் முடிய இரண்டு வருடம் ஆனாலும் அது அப்படியே இருக்கும் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மன்னிக்கவும், பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை.

பூட்டும்போது சிலிண்டர் சுவரில் தடவும் எண்ணெய், ஓடாத எஞ்சினில் மெல்ல வழிந்து இறங்கிவிடும். பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. புதிதாக ஹோனிங் செய்த (உட்சுவரை நுண்கல்லால் தேய்த்துச் சீராக்கிய) பரப்பில் ஈரம் படிந்தால் துருப் பிடிக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளவும் கூடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில், அதிலும் குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில், கேட்கவே வேண்டாம்.

பிரித்து அளவெடுப்பதையும் உதிரிபாகம் தேடுவதையும் முதலிலேயே செய்யுங்கள். தேடல்தான் நாள் பிடிக்கும். இறுதியாகப் பூட்டுவதை மட்டும் எஞ்சினை ஓட்டப்போகும் நாளுக்கு அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை சட்டகத்தில் பொருத்தம் பார்க்க உள்பாகங்கள் இல்லாத வெறும் எஞ்சின் கூடு போதும்.

நீண்ட நாள் மூடிக் கிடக்கும் எஞ்சின் யாரிடமாவது இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை மெல்லக் கீழே இறக்கி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சுவர் பளபளப்பாக இருக்கிறதா, செம்பழுப்பாகத் திட்டுகள் தெரிகின்றனவா என்பது கண்ணுக்கே தெரியும்.