ராணுவ மெடிக் என்றால் நேராக பாராமெடிக் ஆகிவிடலாமா?

“அமெரிக்க ராணுவத்தில் மெடிக்காக இருந்தவர் வெளியே வந்த மறுநாளே ஆம்புலன்ஸில் பாராமெடிக் ஆகலாம், படிப்பும் தேர்வும் தேவையில்லை” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. மெடிக் என்பவர் காயம்பட்ட வீரர்களுக்குக் களத்திலேயே சிகிச்சை தருபவர்; பாராமெடிக் என்பவர் ஆம்புலன்ஸில் உயர்நிலை அவசரச் சிகிச்சை தருபவர்.

68W என்ற ராணுவப் பணிக் குறியீடு கொண்ட போர்க்கள மெடிக்குகள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் பயிற்சி பெறுகிறார்கள். அங்கே அவர்கள் பெறுவது என்ஆர்ஈஎம்டி என்ற தேசியச் சான்றளிப்பு அமைப்பின் இஎம்டி (அடிப்படை அவசர மருத்துவப் பணியாளர்) சான்று. பாராமெடிக் அதற்கு மேலான நிலை. அதற்குத் தனியாக ஓராண்டு அல்லது அதற்கு மேலும் படிக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், அப்புறம் வேலை பார்க்கும் மாநிலத்தின் உரிமமும் வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குண்டடிபட்டவரின் நெஞ்சில் ஊசி குத்தி, அடைபட்ட காற்றை வெளியேற்றியவர்தான் இந்த மெடிக். ஆனால் ஊருக்கு வந்து இஎம்டியாகச் சேர்ந்தால் பொதுவாக அதைச் செய்ய அனுமதி இல்லை. சரி, அனுபவம் வீணா? இல்லை. ஆனால் போர்க்களத்தில் பார்த்தது பெரும்பாலும் திடகாத்திரமான இளைஞர்களின் காயங்களை. ஊர் ஆம்புலன்ஸிலோ நெஞ்சுவலியோடு எழுபது வயதுப் பாட்டி, மூச்சிரைக்கும் குழந்தை, சர்க்கரை இறங்கி மயங்கியவர். இசிஜி படிக்கவும் இதய மருந்துகளை அளவறிந்து கொடுக்கவும் தனிப் படிப்பு தேவைதான்.

ராணுவ ஹெலிகாப்டர்களில் பணியாற்றும் ஃப்ளைட் பாராமெடிக்குகள் போன்ற சிலர் விதிவிலக்கு. அவர்கள் பணியில் இருக்கும்போதே பாராமெடிக் சான்று பெறுகிறார்கள். மற்றவர்களுக்கு ஜிஐ பில் என்ற முன்னாள் படைவீரர் கல்வி உதவித் திட்டம் படிப்புச் செலவுக்கு உதவும். இஎம்டி சான்றை 2 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டால் அதுவும் காலாவதியாகிவிடும்.